சியூ லெங்குக்கு ஒரு மீ கடை

தைப்பிங்கில் மழைக்கு வெட்கமே கிடையாது. காலையில் வரும், மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வரும், கொடியில் போட்ட துணி உலர்ந்ததா என்று பார்ப்பதற்காகவே சாயங்காலம் இன்னொரு முறை வரும். என் மசாலா மில்லில் மல்லியையும் மிளகாயையும் காயவைக்க நான் படுகிற பாடு ஒரு பக்கம். பக்கத்துக் கடை லே ஹூன் படுகிற பாடு அதைவிட மோசம். அவளுக்குப் பசை காய வேண்டும்.

லே ஹூனும் அவள் புருஷன் தியாம் செங்கும் செத்தவர்களுக்காக எரிக்கிற காகிதச் சாமான் செய்கிறவர்கள். மூங்கிலைச் சீவிச் சட்டம் கட்டுவது தியாம் செங். தாள் வெட்டி ஒட்டுவது லே ஹூன். வீடு, கார், கட்டில், சட்டை, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர இரண்டு வேலைக்காரர்கள், எல்லாம் காகிதத்தில் செய்து வாசலில் நிறுத்தி வைத்திருப்பார்கள். பசைக்கு மரவள்ளி மாவு என்னிடம்தான் வாங்குவாள். மாவு வாங்க வந்தால் கோப்பி குடிக்காமல் போகமாட்டாள். அப்படித்தான் எங்கள் பழக்கம்.

சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் அவளைத் தேடிக்கொண்டு ஓடி வருவார்கள். மற்ற நாளில் அவள் கடை முன்னால் நிழலுக்குக்கூட ஒருவரும் நிற்கமாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பார்கள். கல்யாணப் பத்திரிகை அவள் படி ஏறியதில்லை. அவள் கையால் ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கிப்போய் முக்கு திரும்பியதும் சாக்கடையில் போடுவார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை. அதனாலேயே இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது.

சியூ லெங் மட்டும் வேறு ரகம். பாசார் சந்தை வாசலில் மீன் உருண்டை போட்டு மீ நூடுல்ஸ் அவித்து விற்பவள். லே ஹூனும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. சீனப் புத்தாண்டு வந்தால் லே ஹூன் தன் கையால் ஒரு கார்டு செய்து அவளுக்குக் கொடுப்பாள். விரித்தால் உள்ளேயிருந்து ஏதாவது எழுந்து நிற்கும். ஒரு வருஷம் மீன், ஒரு வருஷம் சேவல், ஒரு வருஷம் சியூ லெங்கின் புருஷன் கோக் வா சைக்கிள் டயருக்குக் காற்றடிப்பது. சியூ லெங் அதையெல்லாம் மீ வைக்கிற கண்ணாடிப் பெட்டியின் மேல் வரிசையாக நிறுத்தி வைப்பாள். சாப்பிட வருகிறவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள்.

"அது அந்தக் காகிதக் கடைக்காரி செஞ்சதா?"

"ஆமா. ஏன், சாவு வந்து மீன் உருண்டைக்குள்ள பூந்துக்குமா? புடிக்கலன்னா அடுத்த கடையில போய்ச் சாப்புடு. அவன் போடுற மீன் உருண்டையில மீனே இருக்காது, உனக்குப் பயமும் இருக்காது."

அப்பேர்ப்பட்ட வாய். அவளுக்கு ஈரலில் கட்டி வந்தது. பாசார் வாசலில் அவள் இடம் காலியானது. கோக் வாவின் சைக்கிள் கடை மாடியில் படுத்துவிட்டாள்.

நானும் லே ஹூனும் பார்க்கப் போனோம். முகமும் கண்ணும் மஞ்சளாக இருந்தாள். வயிறு மட்டும் உப்பியிருந்தது.

"வாங்கடி. நல்லா பாத்துக்குங்க. மஞ்சள் பூசிக் குளிக்கறது உங்க ஆளுங்க பழக்கம்தானே பூங்கா? நான் பூசாமலே இப்படி ஆயிட்டேன்" என்றாள். பூங்காவனம் என்ற முழுப்பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாது. நான் பூங்காதான்.

லே ஹூன் கட்டிலின் ஓரத்தில் உட்காரவும் யோசித்துக்கொண்டு நின்றாள். நோயாளி வீட்டுக்குள் வருவதற்கே அவளுக்கு அத்தனை பயம்.

"ஏன்டி நிக்கற? உக்காரு. இந்த வருஷக் கார்டு எங்க?"

"புத்தாண்டுக்கு இன்னும் எவ்ளோ நாள் இருக்கு."

"புத்தாண்டு வரும். நான் இருக்கணும்ல? முன்னாடியே செஞ்சு குடுத்துரு."

"வாய மூடு. அந்தப் பேச்செல்லாம் எங்கிட்ட வேணாம்."

"சரி, மூடிக்கறேன். ஆனா செய்யறப்ப எனக்கு ஒரு கடை செஞ்சு குடு ஹூன். கூர போட்ட கடை. ஆயுசு பூரா தார்ப்பாய்க்குக் கீழ நின்னே மீ அவிச்சுட்டேன். மழ வந்தா கொழம்புல பாதி மழத்தண்ணிதான். காசு குடுத்துக் குடிச்சானுங்களே, பாவிங்க."

சிரித்தாள். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே கடைக்குள் சண்டை. எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான்.

"படுத்துக்கெடக்கறவளுக்கு நம்ம கடையிலேர்ந்து ஒரு பொருள் போகலாமா? உனக்குப் புத்தி இருக்கா?" இது தியாம் செங். அவன் கெட்டவன் இல்லை. தொழிலுக்குப் பயந்தவன்.

"வருஷா வருஷம் குடுக்கறதுதானே."

"அப்ப நல்லா இருந்தா. நாளைக்கு ஏதாவது ஆனா யாரச் சொல்லுவாங்க? என்னையவா? உன்னையத்தான்."

"அவ கேட்டுட்டா செங். என் கையால வேணும்னு கேக்கறவ இந்த ஊருல வேற யாரு?"

மூங்கில் சீவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் லே ஹூன் குடையோடு என் மில்லுக்கு வந்தாள். கையில் எழுதுபொருள் கடைப் பை. புதுத் தாள், புதுக் கத்தரிக்கோல், புட்டியில் அடைத்த கடைப் பசை.

"பூங்கா, உன் மேசையில ஒரு ஓரம் குடு. எங்க கடைத் தாளு வேணாம், எங்க கத்தி வேணாம், எங்க பசை வேணாம். எங்க கூரைக்குக் கீழயே வேணாம்."

"மொளகாத் தூள் பறக்குமே."

"பறக்கட்டும். தும்முனா ஆயுசு."

மூன்று நாளாக என் மில்லில் உட்கார்ந்து வெட்டினாள். மெஷின் ஓடும்போதெல்லாம் தும்மினாள். சிவப்புத் தாளில் அட்டை. அதை விரித்தால் ஓட்டுக் கூரையோடு ஒரு கடை எழுந்து நின்றது. உள்ளே அடுப்பு, அடுப்பில் பானை, பானைக்குப் பின்னால் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி சியூ லெங். அந்தக் குட்டைக் கழுத்தும் அகலச் சிரிப்பும் அப்படியே அவள். மேசைகளில் ஆட்கள். ஒரு மேசையில் புடவை கட்டிக்கொண்டு குண்டாக ஒருத்தி.

"நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்?"

"தாளு பத்தல. கொறச்சுத்தான் வெட்டியிருக்கேன்."

பசை காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மிளகாய் வறுக்கிற என் அடுப்பின் பக்கத்தில் வைத்து, பிள்ளையை அனலுக்குக் காட்டுவதுபோலத் திருப்பித் திருப்பிக் காயவைத்தாள். அப்படிச் சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

கார்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். மாடிப்படியின் மேல் சியூ லெங்கின் மாமியார் உட்கார்ந்து கடுகுக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தெருவுக்கே அவள் ஆ சிம், சின்னம்மா முறை. எழுந்து வழிவிடவில்லை.

"தூங்கறா. இப்பத்தான் கஞ்சி குடுத்தோம். என்ன அது?"

"கார்டு, ஆ சிம். அவ கேட்டா" என்றாள் லே ஹூன். இரண்டு கையாலும் நீட்டினாள்.

கிழவி ஈரக் கையை மடியில் துடைத்துக்கொண்டு வாங்கி விரித்தாள். ஒரு நிமிஷம் அவள் முகமே மாறிவிட்டது. மருமகள் கரண்டியோடு நிற்பதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். அப்புறம் கடையின் பின்பக்கம் பார்க்கத் திருப்பினாள். திருப்பிய கை அப்படியே நின்றது.

"இது என்ன?"

பின்சுவரில், தரையை ஒட்டி, பிறை வடிவத்தில் ஒரு சின்ன ஓட்டை.

எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. எலிவளை என்றோ ஜன்னல் என்றோ நினைத்திருப்பேன். லே ஹூனைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் இரத்தம் இல்லை.

காகித வீட்டை நான்கு பக்கமும் அடைத்து ஒட்டினால் தீ உள்ளே போய்ப் புகைந்து அணைந்துவிடும். பாதி எரிந்த வீடு செத்தவருக்குப் பாதி வீடாகத்தான் போய்ச் சேரும். அதனால் காற்றுப் போக அடியில் ஒரு ஓட்டை வெட்டி வைப்பார்கள். அதைச் செய்துசெய்து பழகிய கை, தாள் புதிது, கத்தரிக்கோல் புதிது, மேசை என்னுடையது என்றெல்லாம் பார்க்கவில்லை. அதுபாட்டுக்கு வெட்டிவிட்டது. ஆ சிம் தன் புருஷனுக்கு எரித்த வீடு லே ஹூன் செய்ததுதான். இதே பிறை அதிலும் இருந்ததைப் பார்த்தவள்.

"உசுரோட இருக்கறவளுக்கு எதுக்குடி காத்து ஓட்ட?"

"ஆ சிம், நான் வேணும்னு..."

"அவளுக்கு எப்ப தீ வைக்கலாம்னு பாத்துக்கிட்டு இருக்கியா? வீட்ட இப்பவே செஞ்சு வச்சுட்டியா? என் மகன் இன்னும் டாக்டர்கிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்கான். நீ படிமேல வந்து நிக்கற!"

"கை தவறிருச்சு, ஆ சிம்."

"தவறல. உன் கைக்கு அது ஒன்னுதான் தெரியும். போ. இனிமே இந்தப் படி ஏறாத."

நான் வாயைத் திறந்தேன். லே ஹூன் என் முழங்கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். தெருவில் நல்ல மழை. குடை கையில் இருந்தது, விரிக்கவில்லை.

சாயங்காலம் கோக் வா அந்தக் கார்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தான். அதை வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது, குப்பையில் போடவும் முடியாது. எரிப்பதைப் பற்றி நினைக்கவே முடியாது. எரித்தால் அனுப்பிவிட்டதாக ஆகும்.

"அம்மாவுக்குப் பயம். தப்பா நெனைக்காத ஹூன்" என்றான்.

"அவ பாத்தாளா?"

"இல்ல. அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

லே ஹூன் பையை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் சமைத்துக் கொடுத்ததையும் சாப்பிடவில்லை, தியாம் செங் வாங்கி வந்ததையும் சாப்பிடவில்லை. வேலை மட்டும் செய்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பிறையை வெட்டுமுன் கத்தியை வைத்துவிட்டுத் தன் கையையே பார்ப்பாள். பார்க்கச் சகிக்காமல் நான் என் மெஷினை ஓட்டிக்கொண்டு இருந்துவிடுவேன்.

சியூ லெங்கை அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பார்லித் தண்ணீர் காய்ச்சி எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். ஆ சிம் குளிக்க வீட்டுக்குப் போகிற மத்தியான நேரம். சியூ லெங் பாதியாகிவிட்டிருந்தாள். குரலும் பாதிதான்.

"பூங்கா, ஹூனுக்கு என்மேல கோவமா?"

"எதுக்குக் கோவம்?"

"கார்டு கேட்டேன். செய்யலல்ல? நான் சாகப்போறேன்னு அவளுக்குத் தெரியும். அதான் பயந்துக்கிட்டா. வந்தும் பாக்கல. அவ பயந்தா எனக்கு நெஞ்ச அடைக்குது பூங்கா. ஊரு பயப்படட்டும். அவளுமா?"

என்னால் பொறுக்க முடியவில்லை. ஆ சிம் என்ன, ஆ சிம்மைப் பெற்றவளே வந்தாலும் சரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டையையும் சொன்னேன். சியூ லெங் என்னையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கண்ணில் தண்ணீர்.

"அட மக்கு. காத்து ஓட்ட வெட்டிட்டாளா? கூட்டிக்கிட்டு வா அவள. நாளைக்கே வா. கையோட கார்டையும் கொண்டுவரச் சொல்லு."

லே ஹூன் வரமாட்டேன் என்றாள். தான் கொடுத்த பிறகு அவளுக்கு ஏதாவது ஆனால் என்றாள். ஆவது எப்படியும் ஆகத்தான் போகிறது என்று நான் கத்தினேன். கத்தியதும் இரண்டு பேரும் அழுதோம். தியாம் செங்தான் சீவுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "போயிட்டு வா. குடை எடுத்துக்க" என்றான்.

மறுநாள் மத்தியானம் போனோம். லே ஹூன் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். சியூ லெங் விரலை மட்டும் அசைத்துக் கூப்பிட்டாள். அவள் தலையைத் தூக்கித் தலையணையை நான் முட்டுக் கொடுத்தேன். லே ஹூன் கார்டை விரித்து அவள் மடியில் வைத்தாள்.

சியூ லெங் ஒன்றொன்றாகப் பார்த்தாள். பானையைத் தொட்டாள். தன்னைத் தொட்டாள். புடவைக்காரியைப் பார்த்து, "பூங்காவ ஒல்லியாக்கிட்டியே" என்றாள். அப்புறம் கார்டைத் திருப்பிப் பிறைக்குள் சுண்டுவிரலை விட்டாள்.

லே ஹூன் முகத்தை மூடிக்கொண்டாள். "ஒட்டிர்றேன் லெங். சிவப்புத் தாளு கொண்டாந்திருக்கேன். இப்பவே ஒட்டிர்றேன்."

"எதுக்கு ஒட்டற? மீ அவிக்கற கடைக்குப் பொகை போக வழி வேணாமா? உள்ள நிக்கறவ நானு. மூச்சு முட்டிச் சாகணுமா?"

"வெளையாடாத."

"வெளையாடல. நீ வெட்டுனது சரிதான். எங்க மாமியாருக்கு அடுப்படி தெரியாது, அதான் கத்துது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஹூன், கிட்ட வா. ஒன்னு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்லு."

"நான் போனப்பறம் நீ எனக்கு எதுவும் எரிக்கக் கூடாது."

லே ஹூன் கையை முகத்திலிருந்து எடுத்தாள். "என்ன?"

"வீடு வேணாம், சட்டை வேணாம். உன் கையால ஒரு தாளு கூட வேணாம்."

"என்ன பேச்சு இது? யாரோ எவரோ வந்து கேட்டா ராத்திரி பகலா செஞ்சு குடுக்கறேன். உனக்கு நான் செய்யாம? அங்க வெறுங்கையோட நிப்பியா நீ?"

"கோக் வா ஈப்போவுலேர்ந்து வாங்கியாந்து குமிச்சுருவான். எனக்கு எதுவும் கொறையாது. நீ செய்யாத. இவ கையி பொணத்துக்குக் குடுக்கற கையின்னு ஊரே சொல்லுது. நான் உசுரோட என் கையால வாங்கிக்கிட்டேன். வருஷா வருஷம் வாங்கிக்கிட்டேன். இதுவும் வாங்கிட்டேன், பாத்துக்க. உங்கிட்ட நான் வாங்குனது எல்லாமே உசுரோட வாங்குனதாவே இருக்கட்டும். ஒன்னே ஒன்னு தீயில வந்துச்சுன்னா எல்லாம் அந்தக் கணக்குல சேந்துரும்."

"என்னால முடியாது லெங்."

"முடியும். சத்தியம் பண்ணு."

லே ஹூன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே மழை தகரத்தில் அடித்தது. கடைசியில் தலையை ஆட்டினாள். "வாயால சொல்லு" என்றாள் சியூ லெங். சொன்னாள்.

அந்த வாரமே சியூ லெங் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் துணிமணியோடு கார்டையும் பையில் போட்டுக் கொடுத்தார்களாம். கோக் வா அதை எடுத்து உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டான், அம்மாவிடம் காட்டவில்லை.

அடக்கத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சைக்கிள் கடைக்குப் பக்கத்துத் திடலில் காகிதச் சாமான்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஈப்போக்காரன் வேலை மோசமில்லை. மூன்றடுக்கு வீடு, வெள்ளைக் கார், பெட்டி நிறையச் சட்டை. உறவுக்காரர்கள் கொண்டுவந்தது தனியாக ஒரு குவியல். பாசாரில் மீன் விற்கிறவன்கூடக் கட்டுக் கட்டாகத் தாள் கொண்டுவந்திருந்தான். மழை வந்துவிடும் என்று சடங்கு செய்கிற சாமியார் அவசரப்படுத்தினார்.

லே ஹூன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லார் கண்ணும் முதலில் குவியலைப் பார்த்தது, அப்புறம் அந்தக் கையைப் பார்த்தது. "கொண்டாரலயா?" "லாரியில வருதோ என்னமோ." "அதெல்லாம் இல்லியாம், கடையில கேட்டேன், ஒன்னும் செய்யலயாம்." முணுமுணுப்பு திடல் முழுக்கச் சுற்றி வந்தது.

வயதில் இளையவள் செத்தால் பெரியவர்கள் சடங்கில் நிற்கக் கூடாது. அதனால் ஆ சிம் கடைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே கேட்டாள். அழுது அழுது கம்மிய குரல். ஆனாலும் திடலுக்கே கேட்டது.

"ஹூன்! அவ இருந்தப்ப எரிக்கறதுக்குக் கொண்டாந்து குடுத்த. இப்ப ஒரு தாளு கூட இல்லியா? அவ்ளோதானாடி உன் சிநேகிதம்?"

என் இரத்தம் கொதித்தது. "ஆ சிம், உங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பித்துவிட்டேன். லே ஹூன் என் கையைக் கிள்ளினாள். சதை கன்றும்படி கிள்ளினாள். அவள் ஆ சிம் இருந்த பக்கம் திரும்பி, தலையைக் குனிந்து, அப்படியே நின்றாள். தீ பிடித்து, வீடு சரிந்து, கார் உருகி, எல்லாம் முடிகிறவரை நின்றாள். கோக் வா ஒரு தடவை அவளைப் பார்த்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் என் மில்லுக்கு வந்தாள். மாவு வாங்க வரவில்லை. சும்மா வந்து மேசையின் முன்னால் உட்கார்ந்தாள். கோப்பியைக் கலக்கி வைத்தேன். குடிக்கவில்லை.

"பூங்கா, முந்தாநேத்து செருப்ப பாத்தியா?"

"எந்தச் செருப்பு?"

"ஈப்போ சாமான்ல. சட்டப் பொட்டிக்கு மேல வச்சிருந்தாங்க. நீலச் செருப்பு."

"பாத்தேன். அழகாத்தான் இருந்துச்சு."

"ரெண்டும் ஒரே அளவு."

"செருப்புன்னா ஒரே அளவுலதானே இருக்கும்?"

"அவளுக்கு இல்ல." கோப்பிக் குவளையைத் தள்ளி வைத்தாள். "சின்னதுல காய்ச்சல் வந்து எடது காலு வளரல. எடது சின்னது, வலது பெருசு. ரெண்டு ஜோடி வாங்கி ஜோடிக்கு ஒன்ன எடுத்துப் போட்டுக்குவா. எந்நேரமும் அடுப்புக்குப் பின்னாடியே நின்னாளா, யாரும் காலப் பாத்ததில்ல. கோக் வாவுக்குத் தெரியும். ஆனா அந்த நேரத்துல அவனுக்கு எதுதான் ஞாபகம் வரும்? எடது செருப்பு கழண்டு கழண்டு போகும் பூங்கா. ஒரு எட்டு ஒழுங்கா வைக்க முடியாது. வெறுங்காலோட நிப்பா."

எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் இல்லை. ஆனால் அவளுக்கு இருக்கிறது. எத்தனையோ பேருக்குச் செருப்பு செய்து அனுப்பியவள்.

"ஒரு செருப்புதானே. செஞ்சு அனுப்பிரு. யாருக்குத் தெரியப்போவுது?"

"அவளுக்குத் தெரியும்."

மேசையில் கார்டு செய்தபோது மிச்சப்பட்ட சிவப்புத் தாளும் அந்தப் புதுக் கத்தரிக்கோலும் அப்படியே கிடந்தன. நான்தான் எடுத்து வைக்கவில்லை. லே ஹூன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் தாள் மடிக்கிற மாதிரி தன்னால் அசைந்தன. அப்புறம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.